கழுத்து டாலர் ஒலிக்காத மத்தியானம்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டிருப்பார்கள். இல்லத்தில் யார் விழுந்தாலும் அது அதிர்ந்து உங்களுக்குச் சொல்லும் என்று விளக்கியிருப்பார்கள். நன்றாகவே சொல்லும், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது இன்றைக்கு இருக்கிற மாதிரி ஆவதற்கு முன்னால், ஒரு மத்தியானம் சொல்லாமல் போனது. அந்தக் கருவியைச் செய்த பெண் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொண்டாள் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். படுக்கைப் புண், மருந்து, ஊசி எல்லாவற்றையும் வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். இதை யாரும் வகுப்பில் சொல்ல மாட்டார்கள்.

நான் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் அரசு மருத்துவமனை. எல்லோருக்கும் நான் சிஸ்டர். என் மருமகன்கூடச் சில சமயம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுவார்.

நம் பக்கத்து முதியோர் இல்லங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். முதியவர்களுக்கு உதவுகிற நல்ல புதுக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்தவர்களுக்கு ஒரு கேடயம் கொடுக்க வேண்டும் என்று சங்கத் தலைவருக்குத் தோன்றியது. அவர், முதியோர் மருத்துவம் பார்க்கிற ஒரு டாக்டர், நான் என்று மூன்று பேர் குழு. நான் அப்போது இன்னும் வேலையில்தான் இருந்தேன்.

இல்லம் இல்லமாகப் போய்ப் பார்த்தோம். மாத்திரை நேரத்தைச் சொல்லும் பெட்டி, பாட்டுப் பாடி உடற்பயிற்சி செய்யச் சொல்லும் பொம்மை, கட்டிலோரம் விரிக்கிற, கால் வைத்தால் விளக்கெரிகிற பாய் என்று விதவிதமாக இருந்தன. செய்தவர்கள் அருமையாக விளக்கினார்கள். நான் விளக்கத்தைப் பாதிதான் கேட்பேன். மீதி நேரம், அந்த அறையில் எந்தக் கருவியின் மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிடிக்காத கருவியை நம் பெரியவர்கள் திட்ட மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். பாட்டுப் பாடுகிற பொம்மை போன இடமெல்லாம் துண்டுக்குள்தான் இருந்தது.

துண்டுக்குள் போகாமல், கழுத்திலேயே இருந்தது ஒன்று. சங்கிலியில் தொங்குகிற டாலர் மாதிரி இருக்கும். போட்டிருப்பவர் விழுந்தால் தானாகக் கண்டுபிடித்து, தாழ்வாரத்தில் இருக்கிற சைரனை அலறவிடும். ஊழியர்களின் போனுக்கும், பிள்ளைகளின் போனுக்கும் செய்தி போகும். அதைச் செய்தவள் தேன்மொழி. முப்பதைத் தாண்டிய பெண். ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கார் மோதினால் காற்றுப் பை விரிகிறதே, அந்தப் பிரிவு. மோதலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு விழுவதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று வேலையை விட்டுவிட்டு, மேடவாக்கத்தில் ஒரு மாடி அறையில் இதை ஆரம்பித்தாள். எங்கள் இல்லத்திலேயே ஒரு சார் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அந்த டாலர்தான் எங்களை ஓட வைத்தது. அதனால் மூன்று பேரும் விவாதமே இல்லாமல் அவள் பெயரைச் சொன்னோம். விழா ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அழைப்பிதழும் போய்விட்டது.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் தேன்மொழி போன் செய்தாள்.

"சிஸ்டர், ஃபங்ஷன்ல எனக்கு அவார்டு வேண்டாம். பள்ளிக்கரணை ஹோம்ல ஒரு அம்மா தரையில கிடந்திருக்காங்க. டாலர் கழுத்துலதான் இருந்தது. அடிக்கல."

முதலில் அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சர்க்கரை குறைந்து மயக்கமாகியிருக்கிறது. மத்தியானம் இன்சுலின் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடவில்லை. டீ கொண்டுபோன செல்வி என்கிற ஊழியர் பார்த்தபோது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வேர்த்து நனைந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்திருக்கிறார். பக்கத்து மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, கண் திறந்துவிட்டார். செல்வி டீயை இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயம் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று அடுத்துக் கேட்டேன்.

"எல்லா ஹோமுக்கும் பேசிட்டேன் சிஸ்டர். நான் சரின்னு சொல்ற வரைக்கும் டாலரை நம்பாதீங்க, பழையபடி ரூம் ரூமா போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டேன். உங்களைத்தான் கடைசியா கூப்பிடறேன்."

இந்தத் தொழிலில் ஏதாவது தவறு நடந்தால் முதலில் யாருக்குப் போன் போகும் என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்த வக்கீலுக்குப் போகும், கூட்டாளிக்குப் போகும், மேலே இருப்பவருக்குப் போகும். இவள் போட்ட முதல் போன், அந்த நிமிடம் யாரோ ஒருவர் தரையில் கிடக்கக்கூடிய இடத்துக்குப் போயிருக்கிறது. டாலர் வந்த பிறகு பல இல்லங்களில் மத்தியானச் சுற்று குறைந்துபோயிருந்தது. விழுந்தால்தான் அது கத்துமே என்கிற தைரியம். அந்தத் தைரியம்தான் இப்போது ஆபத்து என்று அவளுக்குச் சட்டென்று புரிந்திருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் அவள் சொன்னாள். அந்த இல்லத்து மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா டாலரைக் கழற்றி வைத்திருந்ததாகச் சொல்லிவிடலாம், இரண்டு பேருக்கும் கெட்ட பெயர் வராது என்றிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். தேன்மொழி அவரிடம் சண்டை போடவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த முறை எதைச் சரி செய்வது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும் சார் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் போனோம். அந்த அம்மா பெயர் ருக்மணி. முடிச்சூரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் நிலத்தில் இப்போது பாதித் தெரு நிற்கிறது. மனை வாங்க வந்தவர்களை வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பியவர். மகன் பெங்களூரில். யார் முன்னாலும் தலை குனிந்து பழக்கமில்லாதவர் என்பது, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

தேன்மொழி தான் யார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ருக்மணி அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உன் டாலர் மேல தப்பில்ல கண்ணு. அது கத்தக் கூடாதுன்னுதான் நான் மெதுவா எறங்கி உக்காந்தேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். கொஞ்ச நாளைக்கு முன்னால் பாத்ரூம் வாசலில் கால் தடுக்கி விழுந்திருக்கிறார். பெரிய அடி எதுவும் இல்லை. ஆனால் சைரன் அலறிவிட்டது. எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். பக்கத்து அறை சார், அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், தோட்ட வேலைக்காரர் என்று வாசல் நிறைய ஆட்கள்.

"பொடவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆம்பளைங்கல்லாம் நின்னு பாத்துகினு கீறாங்க. என் வூட்டு வாசல்ல நிக்கிறதுக்கே யோசிப்பாங்க, அப்படி இருந்தவ நான். பெங்களூர்ல பையனுக்கு வேற போன் போயிடுது. அவன் இன்னாம்மா இன்னாம்மான்னு அழுவுறான். நேத்து தல சுத்துச்சி. வுழுந்தா இது கத்தும், மறுபடியும் எல்லாம் வந்து நிக்கும். கட்டில் கால புடிச்சிகினு அப்டியே எறங்கிட்டேன். அப்பறம் ஒண்ணும் தெரில."

தலை சுற்றுகிற நிலையிலும் அவருக்கு முதலில் தோன்றியது அந்த சைரன்தான். உயிருக்குக் காவலாக இருக்கட்டும் என்று கழுத்தில் போட்ட ஒன்றுக்குப் பயந்து, சத்தம் போடாமல் தரையில் இறங்கியிருக்கிறார்.

நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால், அப்பாடா, கருவியில் கோளாறு இல்லை என்று மூச்சு விட்டிருப்பார்கள். அந்த அம்மாவே தப்பில்லை என்று சொல்லிவிட்டாரே. தேன்மொழி பையிலிருந்து ஒரு டாலரை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இறங்குனீங்கன்னு எனக்குக் காட்டுறீங்களாம்மா? நீங்க எழுந்துக்க வேண்டாம். வாயால சொல்லுங்க, நான் செய்றேன்."

கட்டில் காலைப் பிடித்தபடி அவள் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தாள். டாலர் ஒலிக்கவில்லை. ருக்மணி அம்மா எட்டிப் பார்த்தார். அப்படி இல்லை, முட்டியை மடக்காதே, என்னால் முட்டி மடக்க முடியாது, இடுப்பை முதலில் விடு என்றார். தேன்மொழி மறுபடி எழுந்து சரிந்தாள். அப்போதும் ஒலிக்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் அவருக்கு ஜாடை காட்டினேன். எத்தனை தடவை விழுந்து எழுந்தாளோ, கடைசியில் மூச்சு வாங்கத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நான் மோதறதை மட்டும்தான் தேடியிருக்கேன் சிஸ்டர். கார் மோதித்தானே நிக்கும். மனுஷங்க இப்படி இறங்குவாங்கன்னு நினைக்கல."

அன்று மதியம் எங்கள் இல்லத்தில் நானும் ஒரு வேலை செய்தேன். வேறு கம்பெனிகள் செய்த டாலர்களும் எங்களிடம் இருந்தன. அவற்றையெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தேன். ஒன்றுகூட ஒலிக்கவில்லை. என்னை எழுப்ப இரண்டு பேர் வர வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முட்டியும் அந்த அம்மாவின் முட்டி மாதிரிதான்.

சாயங்காலம் குழு கூடியது. தலைவர் சங்கடத்தில் இருந்தார். மண்டபம் பேசியாகிவிட்டது, சிறப்பு விருந்தினர் வருகிறார், ஒரு தடவை தவறியதற்காக இத்தனை உயிரைக் காப்பாற்றிய கருவியை ஒதுக்கலாமா, கேடயத்தைக் கொடுத்துவிடுவோம், அந்தப் பெண் அப்புறம் சரி செய்துகொள்ளட்டும் என்றார். டாக்டர் அதற்கு நேர் எதிர். ஒரு நோயாளி செத்துப் பிழைத்திருக்கிறார், மாத்திரைப் பெட்டிக்குக் கொடுங்கள், விஷயம் முடிந்தது என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே விளைவுதான். விஷயம் இந்த அறையோடு முடிந்துவிடும். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் எத்தனையோ கழுத்துகளில் யார் யாரோ செய்த டாலர்கள் தொங்குகின்றன. மெதுவாகச் சரிந்தால் எதுவும் கத்தாது என்று இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மதியம் நான் சுவரோரமாகச் சரிந்ததைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் கேடயம் யாருக்கும் வேண்டாம் சார்," என்றேன். "ஆனா மேடையில அந்தப் பொண்ணு பேசட்டும். நடந்ததை நடந்த மாதிரி சொல்லட்டும். நாம கௌரவிக்கணும்னு நினைச்சா அதைத்தான் கௌரவிக்கணும்."

தலைவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இப்படிப் பேசினால் அவள் தொழில் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவளையே கேட்டோம். பேசுகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தேன்மொழி மேடையேறி, மைக்கைச் சரி செய்யக்கூடத் தெரியாமல் நின்றாள். பிறகு பேசினாள். தன் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, ஒரு மத்தியானம் என்ன நடந்தது, ஏன் அந்த அம்மா சத்தமில்லாமல் இறங்கினார் என்று வரிசையாகச் சொன்னாள். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசினாள். பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. தன்னிடம் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க நினைத்தால் கொடுக்கலாம், திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மத்தியானம் அறை அறையாகப் போய்ப் பாருங்கள் என்று முடித்தாள்.

யாரும் கை தட்டவில்லை. எனக்கே ஒரு கணம் இவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டோமோ என்று இருந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு இல்லத்தின் மேனேஜர் எழுந்தார். நடுத்தர வயதுக்காரர். எங்கள் ஹோமிலும் ஒரு ஐயா இப்படித்தான் சுவரோரமாக உட்கார்ந்து கிடந்தார், வேறு கம்பெனி டாலர், நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு உட்காரத் தெரியாமல் நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மா எழுந்தார். பிறகு இன்னொருவர். சிறப்பு விருந்தினர் தன் பேச்சைத் தானே சுருக்கிக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தி தொடங்கவே வெகுநேரம் ஆகிவிட்டது, அவ்வளவு பேர் பேசினார்கள். பள்ளிக்கரணை மேனேஜரும் வந்திருந்தார். கடைசியில் தேன்மொழியிடம் போய் என்னவோ பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாம் இனிமையாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சில இல்லங்கள் டாலரைத் திருப்பிக் கொடுத்தன. கூட வேலை செய்த ஒருவர் விலகிப்போனார். அந்த மழைக்காலம் முழுக்க அவள் முகத்தில் சிரிப்பையே நான் பார்க்கவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. எங்கள் சேலையூர் இல்லத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் மாறி மாறி வந்தாள். மெத்தையை விரித்துப் போட்டு, முடிந்தவர்களை உட்காரச் சொன்னாள். முடியாதவர்களை, எப்படி உட்காருவீர்கள் என்று சொல்லச் சொல்லித் தானே உட்கார்ந்து பார்த்தாள். நாற்காலியிலிருந்து வழுக்குகிறவர், கதவைப் பிடித்துத் தொங்கி இறங்குகிறவர், மண்டி போட்டுச் சாய்கிறவர் என்று ஒவ்வொருவரும் ஒரு விதம். இத்தனை வருடம் நர்ஸாக இருந்த எனக்கே அது புதுப் பாடமாக இருந்தது. எங்கள் சார் ஒருவர், சிரிப்பே அறியாதவர், தான் விழுகிற விதம்தான் மற்ற எல்லோரையும்விடக் கஷ்டமானது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மெதுவாகச் சரிவதைக் கண்டுபிடிக்க அவள் வழி கண்டாள். அது பெரிய சாதனைதான். ஆனால் நான் அவளை மதிப்பது அடுத்து அவள் செய்ததற்காக. சைரனை எடுத்துவிட்டாள். இப்போது யாராவது தரைக்கு இறங்கினால் என்ன ஆயிற்று என்று டாலர் முதலில் அவரிடமே கேட்கும். பதில் வரவில்லை என்றாலோ, ஆள் வேண்டும் என்று சொன்னாலோதான், பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு ஊழியரின் மணிக்கட்டுப் பட்டை அதிரும். கூட்டம் கூடாது. பிள்ளைகளுக்கு நாம் பார்த்துப் பேசிய பிறகுதான் செய்தி போகும்.

முதலில் வைத்திருந்த குரல் ருக்மணி அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பேங்க்கிலிருந்து போன் வந்த மாதிரி இருக்கிறது, இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். யார் குரல் வேண்டும் என்று தேன்மொழி கேட்டாள். செல்வி குரல் என்றார். செல்விக்கு வெட்கம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்றே வார்த்தையைப் பல தடவை சொல்லிப் பதிவு செய்தார்கள். மற்ற இல்லங்களிலும் அப்படியே. அந்தந்த இடத்தில் தெரிந்த ஒருவரின் குரல்.

அடுத்த வருடம் கேடயம் அவளுக்குப் போனது. அந்த விழாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

நீங்கள் இனிமேல் எத்தனையோ புதுக் கருவிகளைப் பார்ப்பீர்கள். எதைச் செய்யும் என்று விற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். எதைச் செய்யாது என்று கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் கிடைத்தால், அவரை விடாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

ஒருநாள் காலையில் ருக்மணி அம்மாவைப் பார்க்கப் பள்ளிக்கரணைக்குப் போயிருந்தேன். சதுப்பு நிலப் பக்கம் திறக்கிற ஜன்னல் அவர் அறைக்கு. கதவு பாதி திறந்திருந்தது. தட்டப் போன நான் நின்றுவிட்டேன். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை முதலில் விட்டு, மெதுவாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முறத்தில் ஒரு கட்டு முளைக்கீரை. சமையலறையிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

அவர் உட்கார்ந்து காலை நீட்டியதும், கழுத்திலிருந்து செல்வியின் குரல் கேட்டது. "அம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. கீரை ஆய்றேன். நீ உன் வேலயப் பாரு."

குரல் அடங்கிவிட்டது. தாழ்வாரத்தில் யாரும் ஓடி வரவில்லை. நானும் உடனே உள்ளே போகவில்லை. முதல் தண்டைக் கிள்ளி அவர் முறத்தில் போடுகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.